குடும்ப ஆய்வுகளும் ஏற்றத்தாழ்வும்: பெங்களூரு கற்பிக்கும் பாடங்கள்

ஒரு நாட்டின் வருமானம் பெருகிவிட்டது என்று கூறும்போது, அவ்வருமானம் யாரைச் சென்றடைந்தது என்னும் வினா உடன் எழுவது இயல்பே. உற்பத்திப் புள்ளிவிவரங்கள் முதல் செய்தியை மட்டுமே கூறவல்லவை. ஆலைகள் எவ்வளவு உற்பத்தி செய்தன, வயல்கள் எவ்வளவு விளைந்தன என்பவற்றை அவை காட்டும். அவ்வுற்பத்தியின் பயன் எந்த வீட்டு அடுப்பை எட்டியது, எந்த வீட்டை எட்டவில்லை என்பதை அறிய, வீட்டு வாயிலுக்கே சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு கேட்டறியும் முறையே குடும்ப மாதிரி ஆய்வு எனப்படுகிறது.

இவ்வாய்வுகளைக் கொண்டு சமுதாய, பொருளாதார ஏற்றத்தாழ்வுகளை அறிவது எப்படி, அறியும்போது நேரக்கூடிய பிழைகள் யாவை என்பவற்றைப் பெங்களூரு நகரையும் கர்நாடக மாநிலத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கும், திட்டங்களைத் தீட்டிச் செயற்படுத்தும் அலுவலர்களுக்கும் இது ஒருங்கே பயன்படும் என நம்பலாம்.

ஆய்வு மரபின் தொடக்கம்

விடுதலைக்குப் பின் நாட்டின் திட்டமிடலுக்குத் தேவையான விவரங்களைத் திரட்ட, பேராசிரியர் மகாலனோபிஸ் அவர்களின் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதற்சுற்று 1950 அக்டோபரில் தொடங்கி 1951 மார்ச்சு வரை நடைபெற்றது. 1970-இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1972-73-இல் நடந்த 27ஆம் சுற்று முதல், ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பெரிய அளவிலான நுகர்வுச் செலவு ஆய்வை நிகழ்த்தும் வழக்கம் ஏற்பட்டது. 2019-இல் இந்நிறுவனம் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் பகுதியாக இணைக்கப்பட்டது.

இத்துறையில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பும் இந்திய அரசும் சேர்ந்து 1951-52-இல் களப்பணி நிகழ்த்தி, 1961-இல் வெளியிட்ட மைசூர் மக்கள்தொகை ஆய்வு, பெங்களூர் நகரத்தையும் அன்றைய மைசூர் மாநிலத்தின் கிராமப் பகுதிகளையும் ஒப்புநோக்கியது. வளரும் நாடுகளில் வீடுவீடாகச் சென்று விவரம் திரட்டிய முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் 1972-இல் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் அவர்கள் இந்நகரில் சமுதாய, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். காஞ்சிபுரத்தில் 1908-இல் பிறந்த அவர், 1931-32ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய வருமானத்தை மதிப்பிட்டுப் புகழ்பெற்றவர். நாட்டின் மொத்த வருமானத்தைக் கணக்கிட்ட அறிஞரே, சமுதாய மாற்றத்தை ஆராயவும் ஒரு நிறுவனத்தை எழுப்பினார் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

'குடும்பம்' என்பது யாது?

ஆய்வின் முதற்படி, யாரைக் குடும்பம் எனக் கொள்வது என்னும் வரையறையாகும். இரத்த உறவு இங்கு அளவுகோல் அன்று. வழக்கமாக ஒருங்கே வசித்து, ஒரே சமையலில் உண்பவர்களின் தொகுதியே ஆய்வின் கண்ணில் ஒரு குடும்பம். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைத்தால் அவை இரு குடும்பங்கள். வீட்டோடு தங்கி, அவ்வீட்டிலேயே உண்ணும் பணிப்பெண், அவ்வீட்டின் உறுப்பினராகவே கணக்கிடப்படுகிறார்.

இவ்வரையறை எளிதாகத் தோன்றினும் அதன் விளைவுகள் ஆழமானவை. ஜெயநகரிலோ இந்திராநகரிலோ உள்ள ஒரு வசதியான வீட்டில் தங்கிப் பணிபுரியும் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவ்வீட்டின் மொத்தச் செலவை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுக்கும்போது, வீட்டுத் தலைவருக்கு என்ன நுகர்வோ அதே நுகர்வு அப்பெண்ணுக்கும் உண்டென்று ஏட்டில் பதிவாகிறது. வீட்டிற்குள் நிலவும் ஏற்றத்தாழ்வை நுகர்வுச் செலவு ஆய்வு காண்பதில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே, மகனுக்கும் மகளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் இவ்வாறே மறைந்துபோகிறது.

இக்குறையைப் போக்க, தனியாட்களை அளக்கும் ஆய்வுகளின் துணையை நாட வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. அதே வயது ஆண்களில் இது 25 விழுக்காடே. பெண்களின் உடற்கூற்றுத் தேவைகளும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகும். எனினும், ஒரே சமையலில் உண்பவர்கள் யாவரும் சமமான ஊட்டம் பெறுவதாகக் கொள்வது தவறு என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

குடும்பத்தின் அளவையும் மறந்துவிடலாகாது. ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் மாதம் 24,000 ரூபாயும், இருவர் கொண்ட மற்றொரு குடும்பம் 14,000 ரூபாயும் செலவிடுவதாகக் கொள்வோம். மொத்தச் செலவில் முன்னது மேலானது. தலைக்குக் கணக்கிட்டாலோ முன்னது 4,000 ரூபாய், பின்னது 7,000 ரூபாய் என வரிசை மாறிவிடுகிறது. ஆகவேதான் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிட மாதாந்திரத் தலா நுகர்வுச் செலவு பயன்படுத்தப்படுகிறது.

மாதிரியும் பெருக்கெண்ணும்

சோறு வெந்ததா என்று அறிய ஒரு சோற்றைப் பதம் பார்க்கிறோம். ஆனால் பானையை நன்கு கிளறிய பின்னரே ஒரு சோறு முழுப்பானைக்கும் சான்றாகும். சமுதாயம் கிளறப்பட்ட பானை அன்று. செல்வர் ஒரு பக்கமும் வறியர் ஒரு பக்கமும் குடியிருப்பர். ஆகவே ஊர்களையும் நகரப் பகுதிகளையும் முதலில் தேர்ந்து, பின் அவற்றிலுள்ள குடும்பங்களை வசதிக்கேற்பச் சில அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சில குடும்பங்களைத் தெரிந்தெடுக்கின்றனர். அண்மைய நுகர்வு ஆய்வுகளில் கிராமங்களில் நில உடைமையும், நகரங்களில் கார் உடைமையும் இத்தகைய பிரிவினைக்குப் பயன்பட்டன.

இதனால் ஒவ்வொரு மாதிரிக் குடும்பமும் ஒரே எண்ணிக்கையிலான குடும்பங்களுக்குச் சார்பாக நிற்பதில்லை. ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பகுதியில் 1,000 குடும்பங்கள் உள்ளன. அவற்றுள் வசதியானவை 100, ஏனையவை 900. ஒவ்வொரு பிரிவிலும் 10 குடும்பங்களைத் தேர்ந்து விசாரிக்கிறோம். வசதியான குடும்பங்களின் சராசரிச் செலவு 20,000 ரூபாய். ஏனையவற்றின் சராசரி 5,000 ரூபாய். இருபது குடும்பங்களையும் கூட்டி இருபதால் வகுத்தால் 12,500 ரூபாய் என்னும் விடை கிடைக்கும். இது முற்றிலும் தவறு. முதற்பிரிவின் ஒவ்வொரு மாதிரிக் குடும்பமும் 10 குடும்பங்களையும், இரண்டாம் பிரிவின் ஒவ்வொன்றும் 90 குடும்பங்களையும் குறிக்கிறது. இவ்வெண்களே பெருக்கெண்கள் எனப்படுகின்றன. அவற்றைக் கொண்டு பெருக்கிக் கூட்டி 1,000-ஆல் வகுத்தால் கிடைக்கும் 6,500 ரூபாயே சரியான சராசரி.

ஆய்வின் மூல விவரங்களைக் கணினியில் பெற்றவுடன் சராசரி காணத் தொடங்கும் மாணவர்கள், பெருக்கெண் எங்கே உள்ளது என்று முதலில் தேடுதல் வேண்டும். தனியாட்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் காண்பதாயின் அதனைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையாலும் பெருக்கிக் கொள்ள வேண்டும். இல்லையேல், ஆறு பேர் கொண்ட வறிய குடும்பமும் இருவர் கொண்ட வசதியான குடும்பமும் ஒரே எடை பெற்றுவிடும்.

ஏற்றத்தாழ்வை அளக்கும் முறை

லாரன்ஸ் என்பார் 1905-இலும், கினி என்பார் 1912-இலும் வகுத்த முறைகளே இன்றும் பெருவழக்கில் உள்ளன. மக்களை வறியவர் முதல் செல்வர் வரை வரிசைப்படுத்தி, கீழ்நிலையினரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியினருக்கும் மொத்த நுகர்வில் கிடைக்கும் பங்கைக் கூட்டிக்கொண்டே செல்வது லாரன்ஸ் முறை.

ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு சமுதாயத்தைக் கற்பனை செய்வோம். அவர்களுடைய மாத நுகர்வு முறையே 2,000, 3,000, 4,000, 6,000, 10,000 ரூபாய். மொத்தம் 25,000 ரூபாய். சராசரி 5,000 ரூபாய். ஐவரில் மூவர் சராசரிக்குக் கீழே உள்ளனர் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பங்குகளைத் தொடர்ந்து கூட்டினால் 8, 20, 36, 60, 100 விழுக்காடு எனக் கிடைக்கும். முழுச் சமத்துவம் நிலவினால் இவை 20, 40, 60, 80, 100 ஆக இருந்திருக்கும். இவ்விரு வரிசைகளுக்கும் இடைப்பட்ட விலகலைச் சுருக்கிக் கூறும் எண்ணே கினிக் குணகம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 0.304 ஆகும். அனைவரும் சமமாயின் அது சுழியாகும். எல்லாம் ஒருவரிடமே குவிந்தால் அது ஒன்றை நெருங்கும்.

ஒரே எண்ணை மட்டும் நம்புதல் போதாது. கினிக் குணகம் நடுப்பகுதியில் நிகழும் மாற்றங்களை மிகுதியாக உணரும் இயல்புடையது. கடைநிலையினரின் நிலையை அவ்வளவாகக் காட்டாது. ஆகவே அதனுடன், கடைநிலை 5 விழுக்காட்டினரின் சராசரியையும் மேல்நிலை 5 விழுக்காட்டினரின் சராசரியையும் சேர்த்துக் காண்பது நலம். மொத்த ஏற்றத்தாழ்வைப் பிரிவுகளுக்கு இடைப்பட்டது, பிரிவுகளுக்கு உட்பட்டது எனப் பகுத்துக் காண டெயில் என்பவர் 1967-இல் வகுத்த குறியீடு பெரிதும் உதவும்.

அண்மைய ஆய்வுகள் கூறுவன

2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2,61,746 குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. அகில இந்திய அளவில் தலா மாதச் செலவு கிராமப்புறத்தில் 3,773 ரூபாயாகவும் நகர்ப்புறத்தில் 6,459 ரூபாயாகவும் இருந்தது. கர்நாடகத்தில் இவை முறையே 4,397 ரூபாயும் 7,666 ரூபாயும் ஆகும். அதாவது, கர்நாடக நகரவாசியின் சராசரிச் செலவு கிராமவாசியின் செலவைவிட ஏறத்தாழ 74 விழுக்காடு மிகுதி.

அதே ஆய்வின்படி அகில இந்திய நகர்ப்புறத்தில் கடைநிலை 5 விழுக்காட்டினர் தலைக்கு 2,001 ரூபாயும், மேல்நிலை 5 விழுக்காட்டினர் 20,824 ரூபாயும் செலவிட்டனர். இடைவெளி பத்து மடங்குக்கும் சற்று மிகுதி. கிராமப்புறத்தில் இவை முறையே 1,373 ரூபாயும் 10,501 ரூபாயும் ஆகும். கினிக் குணகம் கிராமப்புறத்தில் 0.266 ஆகவும் நகர்ப்புறத்தில் 0.314 ஆகவும் இருந்தது. 2023-24-இல் நடந்த அடுத்த ஆய்வில் இவை 0.237, 0.284 எனக் குறைந்து காணப்பட்டன.

இவ்வெண்களைப் படிக்கும்போது இரண்டினை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, இவை நுகர்வின் ஏற்றத்தாழ்வே அன்றி வருமானத்தின் ஏற்றத்தாழ்வு அல்ல. வறியவர் ஈட்டுவது அனைத்தையும் செலவிடுவர். சில வேளைகளில் கடன்பட்டும் செலவிடுவர். செல்வர் ஈட்டுவதில் ஒரு பகுதியையே செலவிட்டு, எஞ்சியதைச் சேமிப்பர். ஆகவே நுகர்வைக் கொண்டு அளக்கும் இடைவெளி வருமான இடைவெளியைவிடக் குறுகியதாகவே தோன்றும். தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்க நாட்டு மேரிலாந்து பல்கலைக்கழகமும் 2004-05-இல் 41,554 குடும்பங்களில் நிகழ்த்திய இந்திய மானிட மேம்பாட்டு ஆய்வு வருமானத்தையும் கேட்டறிந்தது. அதன் வழிக் கணக்கிடப்பட்ட வருமானக் கினிக் குணகம் 0.5-ஐ விட மிகுதியாகும். நிலம், வீடு, பங்குகள் ஆகிய சொத்துக்களைக் கணக்கிட்டால் இடைவெளி இன்னும் விரியும்.

மற்றொன்று வீட்டு வாடகை. வாடகைக்குக் குடியிருப்பவர் தரும் வாடகை செலவாகப் பதிவாகிறது. சொந்த வீட்டில் வசிப்பவர் துய்க்கும் வீட்டுவசதியின் மதிப்போ நுகர்வுச் செலவில் சேர்க்கப்படுவதில்லை. வாடகை மிகுந்த பெங்களூரு போன்ற நகரில், சொந்த வீடுடைய வசதியானவர், வாடகை தந்து அல்லலுறும் ஊழியரைவிடக் குறைவாகச் செலவிடுபவராக ஏட்டில் தோன்ற இடமுண்டு.

சமுதாயப் பிரிவுகள்

பொருளாதார ஏற்றத்தாழ்வு நம் நாட்டில் சமுதாய ஏற்றத்தாழ்வோடு பின்னிக் கிடப்பது. 2022-23 ஆய்வின்படி கிராமப்புறத்தில் பழங்குடியினரின் தலா மாதச் செலவு 3,016 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு 3,474 ரூபாய். பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3,848 ரூபாய். ஏனையோருக்கு 4,392 ரூபாய். நகர்ப்புறத்தில் இவை முறையே 5,414, 5,307, 6,177, 7,333 ரூபாய். நகர வாழ்வு செலவை உயர்த்துகிறதேயன்றிப் பட்டியல் வகுப்பினரைக் கடைநிலையிலிருந்து உயர்த்திவிடவில்லை என்பது இங்குப் புலனாகிறது.

நகர்ப்புறத்தில் ஏனையோரின் சராசரி பட்டியல் சாதியினரின் சராசரியைப் போல் 1.38 மடங்குதான், ஆனால் மேல்நிலை, கடைநிலை மக்களிடையே உள்ள இடைவெளி பத்து மடங்கு, ஆகவே சாதி முக்கியமன்று என்று சிலர் வாதிடக்கூடும். இவ்வாதம் பொருந்தாது. கோடிக்கணக்கானோர் அடங்கிய இரு பெரும்பிரிவுகளின் சராசரியையும், வரிசையின் இரு கோடிகளில் நிற்கும் சிறுபகுதியினரின் சராசரியையும் ஒப்பிடுவது முறையன்று. கேட்க வேண்டிய வினா வேறு: கடைநிலை 5 விழுக்காட்டினருள் எப்பிரிவினர் தம் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதியாக உள்ளனர்? ஒரே கல்வியும் ஒரே தொழிலும் உடைய இரு பிரிவினரிடையே எஞ்சி நிற்கும் வேறுபாடு எவ்வளவு? இவற்றிற்கு விடைகாண வெளியிடப்பட்ட அட்டவணைகள் போதா. குடும்பவாரியான மூல விவரங்களே வேண்டும்.

கர்நாடகம் இத்துறையில் நீண்ட அனுபவம் உடையது. 1972-இல் எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் அமைந்த பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆணையம், தெரிந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் குடும்பங்களை விசாரித்து 1975-இல் அறிக்கை தந்தது. பின்னர் வெங்கடசாமி ஆணையம் 1986-இல் அறிக்கை அளித்தது. மாநில மக்கள் அனைவரையும் தழுவும் நோக்குடன் 2015-இல் ஒரு பெரும் கணக்கெடுப்பு நடந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் 2025 செப்டம்பரில் மீண்டும் ஒன்று தொடங்கப்பட்டது. மாதிரி ஆய்வுக்கும் முழுக் கணக்கெடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு உணர வேண்டும். மாதிரி ஆய்வு குறைந்த செலவில் ஆழமான விவரம் தரும். ஆனால் சிறு சமூகங்களைப் பற்றி உறுதியாகப் பேச இயலாது. முழுக் கணக்கெடுப்பு ஒவ்வொரு சமூகத்தையும் காட்டும். ஆனால் பணியாளர் பெருகப் பெருக விவரங்களின் தரத்தைக் காப்பது அரிதாகும்.

வட்டார வேறுபாடும் கருதத்தக்கது. டாக்டர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான உயர்நிலைக் குழு 2002-இல் அளித்த அறிக்கை, மாநிலத்தின் 175 தாலுகாக்களுள் 114 தாலுகாக்களைப் பின்தங்கியவை எனக் கண்டது. அவற்றுள் 39 மிகமிகப் பின்தங்கியவை. அலுவலகங்களில் உள்ள விவரங்களைக் கொண்டு தாலுகா அளவில் இவ்வாறு கூற முடிந்தது. குடும்ப ஆய்வுகளாலோ அண்மைக்காலம் வரை மாநிலத்தையும் அதன் பெரும்பகுதிகளையும் பற்றி மட்டுமே நம்பகமாகக் கூற முடிந்தது. 2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வில் மாவட்டமே அடிப்படை அடுக்காகக் கொள்ளப்படுவது இக்குறையை நீக்கும் ஒரு நல்ல மாற்றமாகும். எனினும் மாதிரியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்தோறும் பிழை பெருகும் என்பதை மறத்தலாகாது. மாதிரியின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், மாதிரிப் பிழை ஏறத்தாழ இரு மடங்காகும்.

ஆண்டுகளை ஒப்பிடுதல்

ஏற்றத்தாழ்வு வளர்ந்ததா, குறைந்ததா என்பதே யாவரும் கேட்கும் வினா. விடைகூறும் முன், இரு ஆண்டுகளிலும் ஒரே வினா ஒரே முறையில் கேட்கப்பட்டதா என்று காண வேண்டும். 1999-2000-இல் நடந்த 55ஆம் சுற்றில் உணவுச் செலவு, சென்ற 7 நாட்களுக்கும் சென்ற 30 நாட்களுக்கும் ஆக ஒரே குடும்பத்திடம் கேட்கப்பட்டது. ஒரு விடை மற்றொன்றைப் பாதித்ததாகப் பொருளியல் அறிஞர் பலர் கருதினர். வறுமை எவ்வளவு குறைந்தது என்பது பற்றி நெடிய விவாதம் எழுந்தது. 2017-18 ஆய்வின் முடிவுகள், விவரங்களின் தரம் பற்றிய ஐயத்தைக் காரணம் காட்டி வெளியிடப்படவில்லை என 2019 நவம்பரில் அரசு அறிவித்தது.

2022-23 ஆய்விலும் முறை மாறியது. ஒரே வருகையில் எல்லாவற்றையும் கேட்பதற்கு மாறாக, உணவு, பிற நுகர்பொருள்களும் சேவைகளும், நீடித்த பொருள்கள் என மூன்று வினாத்தாள்களுடன் மூன்று முறை வீடுகளுக்குச் சென்றனர். பொருள்களின் எண்ணிக்கை 347-இலிருந்து 405 ஆயிற்று. நகர்ப்புறக் கினிக் குணகம் 2011-12-இல் 0.363 ஆக இருந்து 2022-23-இல் 0.314 ஆனதில், வாழ்க்கையில் நிகழ்ந்த மாற்றம் எவ்வளவு, கேட்கும் முறையில் நிகழ்ந்த மாற்றம் எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது எளிதன்று. அளவுகோல் மாறிய பின், துணி நீண்டதா குறுகியதா என்று உடனே தீர்ப்புக் கூற இயலாதன்றோ!

பட்டியலில் இல்லாத குடும்பங்கள்

மேற்கூறியவை யாவும் விசாரிக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றியவை. விசாரிக்கப்படாத குடும்பங்களைப் பற்றிய கவலை இவற்றினும் பெரிது. 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 96,21,551. அதன் பின் நகரம் பெரிதும் விரிந்துவிட்டது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாததால், 2027ஆம் ஆண்டைக் குறித்து அறிவிக்கப்பட்டுள்ள கணக்கெடுப்பின் விவரங்கள் வரும்வரை பழைய அடித்தளத்தின் மீதே பல மதிப்பீடுகள் நிற்கின்றன. நகரப் பகுதிகளின் வரைபடங்களைத் தேசிய மாதிரி ஆய்வினர் காலமுறையில் புதுப்பித்து வருகின்றனர். எனினும் ஒரு கட்டுமான இடத்தருகே சில மாதங்களில் முளைத்து, வேலை முடிந்ததும் மறையும் கூடாரங்களை எந்த வரைபடமும் எளிதில் பிடிக்க இயலாது.

1973ஆம் ஆண்டின் கர்நாடகக் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனிருத் கிருஷ்ணா, இந்நகரின் 14 குடிசைப் பகுதிகளில் குடும்பங்களை விசாரித்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார். தலைமுறைகள் கடந்தும் அக்குடும்பங்களின் தொழில்நிலை சிறிதளவே உயர்ந்துள்ளது என்பது அதன் சாரம். நகரின் பெயரை உலகெங்கும் பரப்பிய தகவல் தொழில்நுட்பத் துறையின் உயர்பணிகளை அவ்வீட்டுப் பிள்ளைகள் எட்டுவது அரிதாகவே இருந்தது.

அவரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்புகளைக் கொண்டு அவர்கள் அடையாளங்கண்ட கூடாரக் குடியிருப்புகள், அறிவிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறாதவை. வட கர்நாடகத்தின் வறண்ட மாவட்டங்கள் முதலிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கு வாழ்ந்தனர். குடிநீர், மின்சாரம், கழிப்பிடம் ஆகியவை அவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தன. பட்டியலில் உள்ள பழைய குடிசைப் பகுதிகளை மட்டும் கண்டு நகர வறுமையை அளப்போர், வறியவர்களுள் மேலான நிலையினரையே அளக்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

சாலையோரத்திலும் பாலத்தடியிலும் ஏறத்தாழ நிலையாக ஓரிடத்தில் வாழும் குடும்பங்களையும் விசாரிக்க வேண்டும் என்பதே தேசிய மாதிரி ஆய்வின் விதி. நிலையான இருப்பிடமின்றி அலைவோரை மட்டுமே அது விலக்குகிறது. ஆகவே குறைபாடு விதியில் இல்லை. விதியை ஒவ்வொரு சந்திலும் நடைமுறைப்படுத்துவதில்தான் உள்ளது. வீடுகளைப் பட்டியலிடும் களப்பணியாளர் கட்டடத்தின் பின்புறத்தையும் சென்று காண்கிறாரா என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் நாட்டின் கணக்கில் தோன்றுவதும் மறைவதும் அமைகிறது.

மறுகோடியில் செல்வர் வீட்டு வாயிலும் எளிதில் திறப்பதில்லை. காவலர் நிற்கும் அடுக்குமாடி வளாகங்களில் நுழையவே களப்பணியாளர் இசைவு பெற வேண்டியுள்ளது. நுழைந்த பின்னும், மூன்று முறை வந்து நூற்றுக்கணக்கான பொருள்களைப் பற்றி வினவுவதற்கு நேரம் ஒதுக்குவோர் சிலரே. இவ்வாறு கீழ்க்கோடியும் மேற்கோடியும் தேய்ந்துபோகுமாயின், எஞ்சும் விவரத்தில் ஏற்றத்தாழ்வு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

செலவு மட்டும் போதுமா?

ரூபாயில் அளக்க இயலாத ஏற்றத்தாழ்வுகளும் உள. பொதுவிவகார மையத்தைச் சேர்ந்த சாமுவேல் பால் அவர்கள் 1994-இல் பெங்களூரில் வெளியிட்ட குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை இவ்வகையில் முன்னோடியாகும். குடிநீர், மின்சாரம், மருத்துவமனை, மாநகராட்சி முதலியவற்றின் பணி எவ்வாறு உள்ளது என்று பொதுக் குடும்பங்களையும் குடிசைவாழ் குடும்பங்களையும் தனித்தனியே கேட்டு மதிப்பெண் வழங்கும் முறை அது. 1999-இலும் 2003-இலும் அது மீண்டும் நிகழ்த்தப்பட்டது. ஒரே வகை வினாக்களைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் மீண்டும் கேட்டதனால், நிறுவனங்கள் முன்னேறினவா என்பதைக் காண இயன்றது. பின் வந்த அட்டைகளில் மதிப்பீடு உயர்ந்தும் காணப்பட்டது. ஆய்வு விவரம் ஆட்சியைத் திருத்தப் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆய்வாளரும் அலுவலரும் செய்யத்தக்கன

மாணவர்கள் ஓர் ஆய்வின் எண்ணை எடுத்தாளுமுன் ஐந்து வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நன்று. யார் குடும்பமாகக் கொள்ளப்பட்டனர்? எவர் விடுபட்டனர்? பெருக்கெண் பயன்படுத்தப்பட்டதா? அளக்கப்பட்டது நுகர்வா, வருமானமா, சொத்தா? ஒப்பிடும் இரு ஆண்டுகளிலும் முறை ஒன்றேயா? இவற்றிற்கு விடை தெரியாத எண், எத்தனை தசமங்களுடன் அச்சிடப்பட்டிருப்பினும் நம்பத்தக்கதன்று.

மாவட்ட, நகர அலுவலர்கள் செய்யத்தக்கதும் உண்டு. தேசிய ஆய்வின் எண்களைத் தம் வட்டத்துக்கு அப்படியே பொருத்துவதைத் தவிர்க்க வேண்டும். மாறாக, தம் எல்லைக்குட்பட்ட குடியிருப்புகளின் பட்டியலை ஆண்டுதோறும் திருத்தி வைத்தல், புதிய கூடாரங்களைப் பதிவு செய்தல், களப்பணியாளர்க்கு அடுக்குமாடி வளாகங்களில் அறிமுகம் செய்து தருதல் ஆகிய சிறு உதவிகளால் ஆய்வின் தரம் பெரிதும் உயரும். மாநில அரசின் பொருளாதார, புள்ளியியல் இயக்ககம் மையத்துக்கு இணையாக மாநில மாதிரியைத் திரட்டி வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் மாதிரியின் அளவு பெருகி, மாவட்ட மதிப்பீடுகள் வலுப்பெறும்.

நியாயவிலைக் கடையின் ஒதுக்கீடு, பள்ளி உணவு, வீட்டுவசதி, உதவித்தொகை ஆகிய அனைத்தும் இறுதியில் ஏதோ ஒரு கணக்கைச் சார்ந்தே பகிரப்படுகின்றன. கணக்கில் வராத குடும்பம் பகிர்விலும் வருவதில்லை. நீல விரிப்பின்கீழ் வாழும் கட்டடத் தொழிலாளியின் குடும்பம் அடுத்த சுற்றின் வீட்டுப் பட்டியலில் ஒரு வரியாகவேனும் இடம்பெறுமாயின், அவ்வாய்வு தன் கடமையில் ஒரு படி முன்னேறியதாகக் கொள்ளலாம்.